இருபத்து மூன்றாவது கேன்

ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று, பரிசோதனைக் கூடத்தின் வாசலில் நின்று அவள் இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஸ்பிரிட்டும் பிளீச்சிங் தூளும் நேற்றைய மூத்திரமும் கலந்த அந்த வாடை, முன்பெல்லாம் லிஃப்டிலிருந்து இறங்கும்போதே மூக்கில் அறையும். இப்போது ஒன்றும் தெரியவில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து மிளகளவுக் கட்டி ஒன்றை மூக்கு வழியாகத்தான் எடுத்திருந்தார்கள். போன கட்டி, போகிற போக்கில் வாசனையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

"ஏய், பௌர்ணமி!" என்று கத்தினார் ஊசி அக்கா. முப்பது வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவர். முகத்தை மறந்தாலும் கை நரம்பைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். "பாதியாத் தேஞ்சு போயிட்டியேடி!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காத. பழகிப் போச்சு."

"பரவாயில்லக்கா. பேர் வெச்சவர் உள்ள இருக்காரா?"

பேர் வைத்தவர் கூடத்தின் பொறுப்பாளர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆனால் அது அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்கும். சிவப்புப் பேனா. இயந்திரம் துப்பும் எண் அவர் கண்ணுக்குப் பிடிக்காவிட்டால், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி ஒரே கோடு. "இந்த நம்பர் ஆளோட முகத்துக்கு ஒத்து வரல" என்பார். பல தடவை அவர் சொன்னது சரியாகவும் இருந்திருக்கிறது. அதனாலேயே எதிரில் நின்று யாரும் வாயைத் திறந்ததில்லை.

"வாம்மா, வா," என்றார் நாற்காலியில் இருந்தபடியே. "ஆபரேஷன் சக்சஸாமே? எல்லாம் சரியாயிடுச்சுல்ல?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? ஊர்ல எத்தனை பொம்பளைங்க எளைக்கறதுக்குத் தவம் கெடக்கறாங்க. உனக்கு டாக்டரே எளைக்க வெச்சு அனுப்பிட்டார்."

அவள் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. "மெஷின் கிட்ட எல்லாம் நிக்காத. உக்காந்து ஃபைலப் பாரு. மூணு மாசத்துல வெளியிலேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க. பழைய பேப்பரெல்லாம் ஒழுங்கா அடுக்கி வை. இப்போதைக்கு உனக்கு அதான் லாயக்கு."

ஆபரேஷன் சக்சஸ் என்பதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மிளகளவுக் கட்டி, வருடக்கணக்காக உடம்பைச் சாட்டையால் அடித்து அடித்துக் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்க வைத்தது. அளவுக்கு மீறிய கார்ட்டிசோலில் முகம் ஊதி வட்டமானது. வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் ஓடின. கை பட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. உள்ளே எலும்பு சத்தமில்லாமல் உளுத்தது. கட்டியை எடுத்ததும் சாட்டை நின்றது. ஆனால் அடி வாங்கியே பழகிய உடம்புக்கு, அடியில்லாமல் வேலை செய்யத் தெரியவில்லை. தன் பங்குக்குச் சுரக்க வேண்டிய சுரப்பிகள் தூங்கிப்போயிருந்தன. அவை எழும் வரைக்கும் மாத்திரைதான்: காலையில் ஒன்று, மதியம் அரை.

அதிகமாக இருந்தபோது கொன்றது எதுவோ, அதையே இப்போது கிள்ளிக் கிள்ளி விழுங்க வேண்டியிருந்தது. உடம்பில் இத்தனை மூட்டுகள் இருப்பதே அவளுக்கு முதல் மூன்று மாதத்தில்தான் தெரிந்தது. சீப்பைத் தூக்கினால் தோள் வலிக்கும். தோல் வெயிலில் கிடந்த காகிதம் போல உரிந்தது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியில் சொல் காணாமல் போகும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "முகம் களையா ஆயிடுச்சு" என்றார்கள். களையான முகத்தோடு அவள் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

எல்லாமே மெதுவாகத் திரும்பி வந்தன, வாசனையையும் முதுகையும் தவிர. ஆபரேஷனுக்கு ஆறு மாதம் முன்னால், ரசாயனப் பெட்டி ஒன்றைக் கீழிருந்து தூக்கும்போது, சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யார் எதை உடைத்தார்கள் என்று திரும்பிப் பார்க்கப் போனபோதுதான் வலி வந்தது. முதுகெலும்பில் இரண்டு கண்ணிகள் நசுங்கிவிட்டன. முப்பத்து நான்கு வயதில் நான்கு சென்டிமீட்டர் குள்ளமானாள். அந்த நான்கு சென்டிமீட்டர் இனி எந்த மாத்திரைக்கும் வராது.

ஃபைல் அடுக்கும் வேலையில் மூன்றாவது வாரம், தூசி படிந்த நீல அட்டை ஒன்று கையில் வந்தது. மேலே 'கார்ட்டிசோல், 24 மணி நேரச் சிறுநீர்: இயல்பு அளவு நிர்ணயம்' என்று இருந்தது. தேதியைப் பார்த்தாள். அவளுக்கு நோய் இன்னதென்று கண்டுபிடிப்பதற்கு இரண்டு வருடம் எட்டு மாதம் முன்பு.

அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது.

புதிய இயந்திரம் வந்தால், ஆரோக்கியமான ஆட்களுக்கு எவ்வளவு வரும் என்று அந்தக் கூடமே ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நாற்பது பேர் தேவை. வெளியில் யார் வந்து ஒரு நாள் முழுக்க மூத்திரத்தைப் பிடித்துக் கேனில் சுமந்து வருவார்கள்? எனவே எந்தக் கூடமும் செய்வதையே இவர்களும் செய்தார்கள்: ஊழியர்களிடமே வாங்கினார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களைச் சேர்க்கக்கூடாது என்பது விதி. ஆள் தேறாததால் விதியைக் கொஞ்சம் மடக்கி வைத்தார்கள். எண் மட்டும்தான், பேர் இருக்காது. அவள் எண் இருபத்து மூன்று.

பக்கத்தைப் புரட்டினாள். இருபத்து இரண்டு: முப்பத்தொன்று. இருபத்து நான்கு: பத்தொன்பது. நடுவில் நீல மையில் இருநூற்று அறுபத்து இரண்டு. அதன் மேல் சிவப்பாக ஒரு கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. பக்கத்தில் 'தவறான சேகரிப்பு. நீக்கப்பட்டது.' அதற்குக் கீழே அச்சடித்த கேள்வி: 'தன்னார்வலருக்குத் தெரிவிக்கப்பட்டதா?' அதற்கும் சிவப்பு மையில் ஒரு டிக். 'ஆம்.'

இயல்பு அளவின் உச்சமே ஐம்பது. அதைப் போல ஐந்து மடங்கு. எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த நோய்க்கு இரண்டாவது வரியில் இருக்கும் அடையாளம். முகம், வயிறு, ரத்த அழுத்தம் எல்லாவற்றோடும் அவள் தினமும் அவருக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

தெரிவிக்கப்பட்டதா என்றால், தெரிவித்தார்தான். இந்தக் கூடத்தின் நடுவில், ஒன்பது பேர் எதிரில், கையில் அவள் கேனைத் தூக்கிக் காட்டி: "கேன் நெறைய என்னம்மா இது? பௌர்ணமிக்குக் கடல் பொங்குமாமே, அதப் பிடிச்சுட்டு வந்துட்டியா?"

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஊசி அக்கா சுவரில் சாய்ந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். கேனைத் திரும்ப வாங்கிப்போய்த் தானே கழுவி வைத்தாள்.

அந்தப் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை, நகல் எடுக்கவில்லை, யாரிடமும் காட்டவில்லை. அட்டையைத் துடைத்தாள். அலமாரியில் கை எட்டும் உயரத்தில், தன் நாற்காலிக்கு நேர் பின்னால் வைத்தாள்.

புகார் எழுதலாம் என்று முதலில் தோன்றியது. எழுதினால் ஒரு குழு வரும், தேநீர் குடிக்கும், வருத்தம் தெரிவிக்கும். அது அவளுக்குப் போதவில்லை. மன்னிப்பும் வேண்டாம். அவர் அந்த ஜோக்கை இன்னொரு முறை சொல்ல வேண்டும். அதே இடத்தில், அதே ஆட்கள் எதிரில், அந்த எண் மேசையில் விரிந்திருக்கும்போது சொல்ல வேண்டும். இந்த முறை யாரும் சிரிக்காமல் இருப்பதை அவள் நின்று பார்க்க வேண்டும்.

இடைஞ்சல் ஒன்றுதான். அவளுக்குக் கோபப்பட முடியவில்லை.

கோபத்துக்குக் குறைவில்லை. அது பொங்கிக்கொண்டு வரும். ஆனால் கோபம் வந்தால் உடம்பு அதற்குத் தோள் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சண்டை என்றதும் கார்ட்டிசோல் தானாக ஏறும். அவளுக்கு மாத்திரை கொடுத்த அளவுதான். அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. பேருந்தில் காலை மிதித்தவனிடம் இரண்டு வார்த்தை பேசினாலே காது அடைத்து, முழங்கால் தளர்ந்து, உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. அப்படியிருக்க, சிவப்புப் பேனா எதிரில் எப்படி நிற்பது?

ஹார்மோன் டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒரு படிவம் கொடுப்பார். நோய் போன பிறகு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்கும் படிவம். தூக்கம் எப்படி, கண்ணாடியில் உங்களைப் பார்க்கப் பிடிக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். 'எளிதில் கோபம் வருகிறதா?' என்ற இடத்தில் அவள் பேனா துளைக்கும்படி 'எப்போதும்' என்று குறித்திருந்தாள்.

"இது போகப் போகக் குறையும்," என்றார் டாக்டர் ஆறுதலாக. "ஹார்மோன் சமநிலைக்கு வரும்போது கோபமும் அடங்கிடும்."

அவளுக்குத் திக்கென்றது. "அடங்கிடுமா?"

"ஏம்மா, அடங்க வேணாமா?"

"எப்போ மாத்திரையக் கூட்டிப் போடலாம் டாக்டர்?"

"காய்ச்சல், வாந்தி, விபத்து. அப்போ இரட்டிப்பு."

"சண்டைக்கு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சண்டைக்கெல்லாம் கூட்டினா, மாமியார் இருக்கற வீட்டுக்கு மாத்திரை சப்ளை பண்ணியே கம்பெனி பணக்காரனாயிடும். வேண்டாம்மா. வெளியிலேர்ந்து குடுக்கக் குடுக்க உள்ள இருக்கறது தூங்கிட்டே இருக்கும். உன் கார்ட்டிசோல் மொதல்ல ரெண்டுகூட இல்ல. போன தடவை நாலரை. பத்தத் தாண்டட்டும், மாத்திரைய நிறுத்திடலாம்."

அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். வாரத்தில் இரண்டு நாள் மதிய அரை மாத்திரையை விழுங்காமல், சுத்தமான பரிசோதனைக் குழாய் ஒன்றில் போட்டு மூடி வைத்தாள். அந்த நாட்களில் சாயங்காலம் வீட்டுப் படி ஏறுவது மலை ஏறுவதாக இருந்தது. வாய்க்குள் வாந்தி வந்து வந்து போகும். பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆய்வு நாளன்று சேர்த்து வைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டால் ஒரு மணி நேரம் நிமிர்ந்து நிற்கலாம். ஒரு மணி நேரம் போதும்.

குழாயில் பதினோரு பாதிகள் சேர்ந்தபோது கணவன் கையில் மாட்டினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய மாத்திரைகளையும் தன் கருவிப் பெட்டியைப் போல அளவு வாரியாக அடுக்கி வைப்பவன். பாதிகள் குறைவதை அவன் விரல் கண்டுபிடித்துவிட்டது.

"இது என்ன?" என்று குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"சேத்து வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"கோபப்பட."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான். "உலகத்துல எல்லாரும் கோபத்த அடக்கத்தான் மாத்திரை போடுவாங்க. எனக்குன்னு ஒருத்தி வாச்சிருக்கா பாரு." பிறகு குரல் மாறியது. "போன வாரம் படிக்கட்டுல உக்காந்துட்டியே, அது இதனாலயா?"

நீல அட்டையைப் பற்றி அப்போதுதான் அவனிடம் சொன்னாள். எண், சிவப்புக் கோடு, கேன், கடல் பொங்கியது, எல்லாம். அவன் குழாயை உருட்டிக்கொண்டே கேட்டு முடித்தான்.

"அந்தாள எங்கயாவது லிஃப்ட்ல பாத்தேன்னா, ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டு சாப்பிடப் போயிடுவேன்."

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். இது எனக்கு வேணும்."

"லிஃப்ட்டுக்குள்ள ஒரு பேட்டரி இருக்கும்மா. கரன்ட் போனா, மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்க மட்டும்தான் அது. அத எடுத்து ஃபேன் ஓட்டக்கூடாது."

"நானும் மாட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன். மூணரை வருஷமா."

அவன் குழாயைத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தான்: இனி ஒரு மாத்திரைகூட விடக்கூடாது, சேர்த்தவரைக்கும் போதும். அவள் தலையாட்டினாள். அதற்கப்புறம் விடவும் இல்லை. டாக்டர் மதிய மாத்திரையைக் குறைத்தபோதுகூடச் சொன்னபடிதான் போட்டாள்.

ஆய்வு பதினொரு மணிக்கு என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும் என்பதால், அன்று காலை எட்டு மணிக்கே அவளுக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் மதியத்தோடு மாத்திரையை நிறுத்தி, வெறும் உடம்பு தானாக எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கும் சோதனை. கணக்கு அவளுக்குச் சரியாகவே வந்தது. எட்டுக்கு ரத்தம். எட்டேகாலுக்குக் காலை மாத்திரை. பத்தேகாலுக்குக் குழாயிலிருந்து நான்கு பாதிகள். பதினொன்றுக்கு சிவப்புப் பேனா.

ஊசி அக்கா நரம்பைத் தட்டிப் பார்த்தார். "தோலு கொஞ்சம் தடிச்சிருக்குடி. முன்னெல்லாம் ஊசியக் காட்டினாலே நீலம் பாரிக்கும்." ரத்தம் குழாயில் ஏறியது. பஞ்சை அழுத்தும்போது வெளியே லிஃப்ட் திறந்தது.

சாம்பல் நிறப் பையோடு, ஒல்லியான ஒரு பெண்மணி இறங்கினார். தலை பாதி நரைத்திருந்தது. "பதினொண்ணுன்னு சொன்னா எல்லாரும் துடைச்சு வெச்சுடறாங்க," என்றார் சாதாரணமாக. "அதான் முன்னாடியே வந்துட்டேன்."

மணி எட்டு பத்து. சிவப்புப் பேனா பாதி மடித்த சட்டைக் கையோடு ஓடி வந்தார். அவளுடைய மாத்திரை டப்பாவும் குழாயும் அறைக்கு அந்தப் பக்கம், பூட்டிய லாக்கரில் இருந்தன. போய் எடுக்க இரண்டு நிமிடம் ஆகும். "ஃபைல் பொறுப்பு யாரு?" என்றார் ஆய்வாளர்.

"நான்தான் மேடம்."

"இயல்பு அளவு நீங்களே நிர்ணயம் பண்ணின டெஸ்ட் ஏதாவது ஒண்ணு எடுங்க."

"தைராய்டு எடும்மா," என்றார் சிவப்புப் பேனா உடனே. அந்தப் பச்சை அட்டையை ஒரு வாரமாக அவரே உட்கார்ந்து பளபளப்பாக்கி வைத்திருந்தார். மேசை மேலேயே இருந்தது.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். கை தானாகப் பின்னால் போய் நீல அட்டையை எடுத்தது.

"அது இல்லம்மா. பச்சை."

"இதுவும் நாம பண்ணினதுதானே சார்," என்று அட்டையை ஆய்வாளர் எதிரில் வைத்தாள். சிவப்புப் பேனாவின் கழுத்தில் நரம்பு ஒன்று துடித்ததை அவள் பார்த்தாள்.

ஆய்வாளர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பக்கமாக விரலை நக்காமல் திருப்பினார். கூடத்தில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். இருபத்து மூன்றில் விரல் நின்றது.

"இத நீக்கியிருக்கீங்க."

"சேகரிப்பு தப்பு மேடம்."

"தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அவ்வளவெல்லாம் வராது மேடம். அஞ்சு மடங்கு."

"வந்திருக்கே." அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஆளக் கூப்பிட்டுத் தெரிவிச்சீங்களா? ஆமான்னு போட்டிருக்கு. யாரு அது?"

"நம்பர் மட்டும்தான் மேடம் வெச்சுக்கறது. அவங்க... வேலைய விட்டுப் போயிட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"போகல," என்றாள் அவள். எழுந்து நின்றாள். "நான்தான் இருபத்து மூணு. அந்த நோய்க்கு ஆபரேஷன் பண்ணிப் பத்து மாசம் ஆச்சு. இந்த நம்பர் வந்து ரெண்டு வருஷம் எட்டு மாசம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க."

யாரோ கையிலிருந்த தட்டைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. சிவப்புப் பேனா நெற்றியைத் துடைத்தார். "ஆமாமா. இவங்கதான். மறந்துட்டேன். ஆனா மேடம், இவங்ககிட்ட நான் சொன்னேன். நேர்லயே சொன்னேன். இங்க எல்லாருக்கும் தெரியும்."

இதற்காகத்தான் அவள் அத்தனை வாரமும் படி ஏறினாள்.

"சொன்னீங்க சார். இல்லன்னு சொல்ல மாட்டேன். என்ன சொன்னீங்கன்னு மேடத்துகிட்டச் சொல்லுங்க."

"அது... ரிசல்ட் சரியா வரலைன்னு..."

"இல்ல சார். அப்படி இல்ல. அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஊசி அக்கா தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இருக்கு," என்றார். "சார் வாயாலயே சொல்லட்டும்."

"சும்மா ஒரு ஜோக்கு மேடம். விளையாட்டா..."

"சொல்லுங்க," என்றார் ஆய்வாளர்.

"பௌர்ணமிக்கு..." அவர் தொண்டையைச் செருமினார். "பௌர்ணமிக்குக் கடல் பொங்குமாமே..."

"பௌர்ணமின்னா?"

"அது இவங்க பேரு. பேர் இல்ல. முகம் வட்டமா இருந்ததால நாங்க..."

"யாரு வெச்சது?"

"...நான்தான்."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கறேன்." ஆய்வாளர் பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தில் கோடு போட்டு, தேதி குறித்துக்கொண்டு காத்திருந்தார். "பௌர்ணமிக்குக் கடல் பொங்குமாமே. அப்புறம்?"

"அதப்... பிடிச்சுட்டு வந்துட்டியான்னு."

"கேன்லயா?"

"ஆமா மேடம்."

ஆய்வாளர் எழுதி முடித்து, அதைத் தனக்குள் ஒரு முறை வாசித்துப் பார்த்தார். ஒன்பது பேரும் நின்றார்கள். ஏசி ஓடியது. ஒருவர் உதட்டில்கூட அசைவில்லை. சிவப்புப் பேனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், எங்காவது ஒரு சிரிப்பு மிச்சம் இருக்குமா என்று தேடுகிறவர் மாதிரி. அவள் அந்த மௌனத்தை அடிவரைக்கும் குடித்தாள். இனித்தது. இவ்வளவு இனிக்கும் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

ஆய்வாளர் நீல அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போன பிறகுதான், ஊசி அக்கா அவள் தோளைப் பிடித்தார். "ஒடம்பெல்லாம் நடுங்குதுடி உனக்கு. மாத்திரை போட்டியா?"

அவளுக்குச் சுரீர் என்றது. போடவில்லை. நேற்று மதியத்துக்குப் பிறகு ஒன்றுமே போடவில்லை. காது அடைக்கும் என்று காத்திருந்தாள். அடைக்கவில்லை. முழங்கால் தளரும் என்று மேசையைப் பிடித்தாள். தளரவில்லை. நெஞ்சு மத்தளம் கொட்டியது, உள்ளங்கை வியர்த்தது, கன்னம் கொதித்தது. ஆனால் கால் இரண்டும் நட்டு வைத்த மாதிரி நின்றன. நல்ல உடம்புக்காரிக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு அவளுடைய ரத்தத்தின் எண் திரையில் விழுந்தது. பதிமூன்று புள்ளி இரண்டு. அவள் அதை நம்பாமல், அதே ரத்தத்தை இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். பதிமூன்று புள்ளி ஒன்று. கணவனுக்கு ஒரு வரி அனுப்பினாள்: 'பேட்டரி தேவைப்படல.' இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: 'ஆள் எந்த மாடில நிக்கறார்?'

ஊழியர்களுடைய முடிவு வெளியே போக வேண்டுமென்றால் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனாள். அவர் மேலதிகாரியிடமிருந்து திரும்பி வந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை நாளா இத மனசுலயே வெச்சிட்டிருந்தியாம்மா?"

"மனசுல இல்ல சார். முதுகுல."

"தெரியாம நடந்துபோச்சு. மன்னிச்சுடு."

அவள் தாளை அவர் எதிரில் வைத்தாள். "கையெழுத்து வேணும்."

அவர் பார்த்தார். பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போனது. "போன தடவை நாலரை. இப்ப பதிமூணா? இது ஒத்து..."

பாதியில் நிறுத்திவிட்டார். சிவப்புப் பேனா பாதி வெளியே வந்து, விரலுக்கிடையில் அப்படியே நின்றது.

"முகத்தப் பாத்துச் சொல்லுங்க சார்," என்றாள். "ஒத்து வருதா?"

அவர் நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்ததெல்லாம் அதில் ஒரு ஜோக் கிடைக்குமா என்றுதான். இப்போது பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்தினார். "வருது."

அவள் தன் நீலப் பேனாவை நீட்டினாள். அவர் வாங்கினார்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

"பதிமூணு புள்ளி ரெண்டு," என்று முணுமுணுத்தார்.

"சத்தமா."

கதவு திறந்தே இருந்தது. அவர் வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை உயர்த்தினார். "பதிமூணு புள்ளி ரெண்டு."

"என்ன சார்?" என்று வெளியிலிருந்து ஊசி அக்கா கேட்டார். "இங்க மெஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. அவர் இன்னொரு முறை படித்தார்.